கப்பல் ஏறிய சேங்கொட்டைக் கோடு

இதைப் படிக்கிறவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. தப்பு இருந்தால் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அதுவும் எனக்கு வராது. கல்யாண வீட்டுப் பந்தியிலும் பஸ்ஸிலும் இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். எதிரில் இருப்பவர் “ம், சொல்லுங்க” என்று முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் நான் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். ஆட்டுத் தோலைப் பதனிட்டு லண்டனுக்குக் கப்பலில் அனுப்பும் ஷாப் அது. குழியிலிருந்து வரும் தோலை நிழலில் கயிறு கட்டி உலர்த்துவது என் வேலை. அகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போவேன். யாரோடும் பேசாமல் பார்க்கக்கூடிய வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

பூகோளப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் உலகம் எங்கள் ஷாப்புக்குள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஆப்பிரிக்கா என்றால் எங்களுக்குப் பட்டை மூட்டை. அங்கே ஏதோ மரத்தில் உரித்த பட்டை கடல் தாண்டி வந்து, எங்கள் பொட்டலில் உரித்த ஆவாரம்பட்டையோடும் மலைக் கடுக்காயோடும் ஒரே குழியில் ஊறும். லண்டன் என்றால் சிப்பத்தின் மேல் கறுப்பு மையில் எழுதும் எழுத்து. அங்கே மழை பெய்தால் நமக்கு வேலை என்று ஷாப்பில் சொல்லிக்கொள்வார்கள். மழை பெய்தால் வெள்ளைக்காரன் பூட்ஸ் சீக்கிரம் கெட்டுப்போகுமாம்.

குழிகளுக்கு அதிகாரி எங்கள் மேஸ்திரி பாய். பேகம்பூர்க்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். என்னை ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை ‘மாமா’ என்பேன். குழிப்பக்கம் இரும்பு வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். பட்டைத் தண்ணீர் இரும்பில் பட்டால் கறுத்துவிடும், அந்தக் கறை தோலில் ஏறினால் போகாது. குழிக்குப் போகும் வாசலில் ஒரு மண்பானை இருக்கும். சாவி, பேனாக்கத்தி, இரும்புக் கொக்கி வைத்த பெல்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருமுறை முதலாளியையே நிறுத்திவிட்டார்.

“முதலாளி, சாவிக்கொத்த பானையில போட்டுட்டு வாங்க.”

“ஏன் பாய், ஷாப்பு என்னுதுதானே?”

“ஷாப்பு உங்களுது. குழி என்னுது.”

முதலாளி சிரித்துக்கொண்டே போட்டார். மேஸ்திரி பாயின் வீட்டில் சண்டை வந்தால்கூட மரக்கரண்டியால்தான் அடிக்க வேண்டும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அப்படிப்பட்டவர் மேல்தான் அந்தப் பழி வந்தது.

ஒரு திங்கட்கிழமை லண்டனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. நாங்கள் அனுப்பியதில் ஆறு தோலுக்குச் சாயம் ஏற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். செங்காவிச் சாயம். ஒவ்வொன்றிலும் முதுகு ஓரத்தில் குட்டை குட்டையாகக் கறுப்புக் கோடுகள். கூட வந்த கடிதத்தை ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர் படித்துத் தமிழில் சொன்னார். இது இரும்புக் கறை, உங்கள் குழியில் கவனம் இல்லை, இனி ஒரு தோல் இப்படி வந்தால் உங்கள் சரக்கு வேண்டாம்.

முதலாளி ஆறு தோலையும் மேஸ்திரி பாய் முன்னால் விரித்தார்.

“இரும்பு ஆகாது, இரும்பு ஆகாதுன்னு என்னையே நிறுத்துனீங்க. இது எங்கிருந்து வந்துச்சு?”

மேஸ்திரி பாய் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். “என் குழியில இது வராது முதலாளி.”

“அப்ப லண்டன்காரன் பொய் சொல்றானா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. இல்லேன்னா குழிக்கு வேற ஆள் பாத்துக்குறேன்.”

முப்பது வருஷமாக அந்தக் குழிகளில் நின்றவர் அவர். நேரே வாசலுக்குப் போய் அந்தப் பானையைக் கவிழ்த்து, உள்ளே கிடந்த சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஏதோ ஒரு சாவி உள்ளே போய்த் திரும்பியிருக்குமோ என்று பார்ப்பதுபோல இருந்தது.

தோலை மடித்து வைக்கச் சொன்னார்கள். மடிக்கும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. மூன்று கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. இன்னொன்றில் இரண்டு கோடு, அவற்றுக்குக் குறுக்கே ஒன்று. எனக்கு அவை நன்றாகத் தெரியும். அவை என் தகப்பனாருடைய கோடுகள்.

என் அய்யா கத்திரியும் சோளமும் போடுகிற சம்சாரி. அதோடு, ஆட்டுக்கு நோவு என்றால் சுற்றுப்பட்டிக்காரர்கள் அவரிடம்தான் ஓட்டி வருவார்கள். சேங்கொட்டையை வாட்டி, கசியும் பாலில் முள்ளைத் தொட்டு, ஆட்டின் முதுகு ஓரம் கோடு போடுவார். வண்ணார் துணியில் குறி போடுகிற அதே கொட்டைதான். வயிற்று உப்புசத்துக்கு ஒரு விதம், கால் இழுவைக்கு ஒரு விதம். புண்ணாகி ஆறி, மேலே முடி வளர்ந்து மூடிவிடும். எங்கள் ஷாப்பில் பதனிட்ட வெளிர்மஞ்சள் தோலில் அது முள் கீறியதுபோல லேசாகத்தான் தெரியும். லண்டன் போய்ச் சாயத்தில் விழுந்ததும் கறுத்துக் காட்டிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாளி, ரைட்டர், இருபது ஆட்கள், எல்லோர் முன்னாலும் என் தகப்பனால்தான் சரக்கு கெட்டது என்று எப்படிச் சொல்வது? தோலை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மேஸ்திரி பாய் பானையைக் கவிழ்த்ததுதான் கண்ணில் நின்றது.

அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் அல்லது பயப்படுவார் என்று நினைத்தேன்.

“ஏலே, என் கோடு லண்டன் வரைக்கும் போயிருச்சா?”

“போயிட்டுத் திரும்பியும் வந்துருச்சு அய்யா.”

“நான் மதுரையத் தாண்டுனதில்ல. அது கப்பலேறிப் போயிட்டு வந்துருக்கு பாரு.” சிரித்தார். பிறகு, “அந்தப் பாய்க்கு வேலை போகுமாக்கும்?” என்றார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் கெடு.”

“அப்ப நாளைக்கு நானும் வாரேன். நீ வாயத் தொறக்க மாட்ட.”

மறுநாள் சைக்கிளின் பின்னால் அவரை உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். ஷாப் வாசலில் முதலாளி நின்றிருந்தார். அய்யா பேசுவதற்கு முன்னால், எப்படி வந்தது என்று தெரியவில்லை, நானே சொல்லிவிட்டேன். “முதலாளி, அது இரும்புக் கறை இல்ல. எங்கய்யா போட்ட கோடு.” அந்த ஷாப்பில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ரைட்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஆறு தோலையும் விரித்தார்கள். அய்யா சம்மணம் போட்டு உட்கார்ந்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது வயித்து உப்புசம். இது காலு இழுவை. இதுவும் உப்புசந்தான், ரெண்டு தடவை போட்டிருக்கேன், மொத தடவை கேக்கல. இந்தா, இது என் கோடு இல்ல. கை நடுங்கியிருக்கு. எங்க பங்காளி ஒருத்தன் என்னப் பாத்துப் போட ஆரம்பிச்சான், அவன் வேலை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. “நீங்க சொன்னாப் போதுமா பெரியவரே? லண்டன்காரன் நம்பணுமே?”

மேஸ்திரி பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். “உப்புத் தோல் கிடங்குல, இந்தத் தோல வாங்குன அதே சந்தையில வாங்குனது கெடக்கு. இன்னும் குழியப் பாக்காத தோல். அதுல இருந்தா?”

கிடங்குக்குப் போனோம். உப்புப் போட்டு அடுக்கியிருந்த பச்சைத் தோல்களின் முடிக்குள் அய்யா விரலை விட்டுத் துழாவினார். நாலாவது தோலில் விரல் நின்றது. “இங்க இருக்கு. முடிய எடுத்துட்டுப் பாருங்க.”

மேஸ்திரி பாய் அந்த ஒரு தோலை முடி கழல்வதற்காகத் தனியாகச் சுண்ணாம்பில் போட்டார். மூன்று நாள் அதன் பக்கத்திலேயே இருந்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி எதிரிலேயே வைத்து முடியைச் சுரண்டினார்கள். மூன்று கோடு, ஒரு புள்ளி. பட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட அதன் மேல் படவில்லை.

முதலாளி அந்தத் தோலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஸ்திரி பாயின் தோளில் கை வைத்து, “ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சு, வாங்க சேந்து போவோம்” என்றார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. வெள்ளைக்காரனிடமிருந்து பதில் வரட்டும், அதுவரை குழி பாயிடமே இருக்கட்டும் என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கிலீஷில் பதில் எழுதும்போது ரைட்டர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. உப்புசத்துக்கு என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் கூட வந்திருந்த அய்யா வயிற்றைத் தட்டிக் காட்டினார். “மத்தளம் மாதிரின்னு எழுதுங்க. மத்தளம் அங்கயும் இருக்கும்ல?” கோடுகளை ஒரு தாளில் வரைந்தது நான்தான். எழுத்து கோணல் என்றாலும் கோடு நேராக வரும். முடி எடுத்த தோலில் ஒரு துண்டும், டப்பாவில் இரண்டு சேங்கொட்டையும் வைத்தோம். கொட்டையை உடைத்துத் தொட வேண்டாம், கை புண்ணாகும் என்று ரைட்டர் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதினார்.

பதில் வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. ரைட்டர் கடிதத்தைத் தோல் உலர்த்தும் களத்துக்கே எடுத்து வந்தார். இது இரும்புக் கறை அல்ல என்று ஒத்துக்கொள்கிறோம், உங்கள் குழியில் தவறு இல்லை, தோலின் குறைகளை எழுதி வைக்கும் எங்கள் புத்தகத்தில் இந்தக் கோட்டையும் படத்தோடு சேர்த்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். சொல்லியும் கேட்காமல் ஒருவன் கொட்டையை உடைத்துப் பார்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டானாம். அதையும் எழுதியிருந்தார்கள்.

“குழியில் தவறு இல்லை” என்ற வரியை மேஸ்திரி பாய் மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை ரைட்டரை நிறுத்தி, “அத இங்கிலீசுலயே படிங்க” என்றார். ஒரு வார்த்தைகூடப் புரியாவிட்டாலும் கண்ணை மூடிக் கேட்டார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. கோட்டை நடுத்தோலான முதுகில் போடாமல் வேறு இடத்தில் போட முடியுமா என்று. வீட்டுக்குப் போய் அதைச் சொன்னதும் அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வயித்து நோவுக்குக் கால்ல கோடு போட்டாக் கேக்குமா? அவன் செருப்பு அழகா இருக்க எங்க ஆடு சாகணுமாக்கும்?” எங்கள் ஆடு, எங்கள் நோவு, எங்கள் மருந்து. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார். திண்டுக்கல் கடை அல்வா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அய்யாவும் அவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

“மாமா,” என்றார் மேஸ்திரி பாய். அவர் அய்யாவை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. “லண்டன்காரனுக்காகக் கேக்கல. அடுத்த தடவை கறை வந்தா வந்து சொல்ல நீங்க உசுரோட இருக்கணும், கேக்க நானும் இருக்கணும். ரெண்டு பேருக்கும் வயசாகுது. எனக்காக மாத்துங்க.”

அய்யா அல்வாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு நெடுநேரம் மென்றார். “பின்னங்கால் சப்பையிலயும் ஒரு நரம்பு ஓடுது. அங்க போட்டுப் பாக்குறேன். கேக்காட்டி மறுபடி முதுகுக்குத்தான் வருவேன்.”

“வாங்க. நான் லண்டனுக்குச் சொல்லிக்கிறேன்.”

காலில் போட்ட கோடும் கேட்டது. ஆடுகள் பிழைத்தன. அது கோட்டால்தானா என்று அய்யாவிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மூன்றே வருஷத்தில் சுற்றுப்பட்டி முழுக்க அந்த இடம்தான் வழக்கமாகிவிட்டது. பங்காளியும் மாற்றிக்கொண்டார், கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி பாய் தாமாக ஓய்வு எடுத்துக்கொள்ளும் வரை குழி அவரிடமே இருந்தது.

லண்டனில் எங்கோ ஒரு மேசையில் அந்தப் புத்தகம் இருக்கும். படித்தவர்கள் புரட்டிப் பார்க்கும்போது, பள்ளிக்கூடமே போகாத என் அய்யாவின் மூன்று கோடும் ஒரு புள்ளியும் அதில் இருக்கும். அதை வரைந்தவன் நான். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று எழுதி முடித்துவிட்டேன்.

1969, புரட்டாசி மாதம் ஏழாம் தேதி.