மங்கையும் ஒரு தலைக்கட்டு

முகத்துவாரக்குப்பத்து மங்கைக்கு நாற்பத்து மூன்று வயது. காலையில் மீன் கூடை, மத்தியானம் தபால் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல். புத்தகத்தில் செதில் ஒட்டியிருக்கும். அதற்கெல்லாம் அவள் வெட்கப்படுகிற ஆள் இல்லை. இந்த வருடம் பல நாட்டு ஆட்சிமுறைகளை ஒப்பிடும் பாடம். எந்த நாட்டில் ராஜா சும்மா உட்கார்ந்திருக்கிறார், எங்கே ஜனாதிபதிக்கு அதிகாரம் என்று மீன் அரிந்தபடியே ஒப்பிப்பாள்.

"பிரான்ஸ்காரன் எப்டி ஆண்டா ஒனக்கு இன்னாக்கா? வவ்வாலு மீனு வெல ஏறப்போவுதா?" என்பாள் பக்கத்துக் கூடை நர்மதா.

குப்பத்தில் புது மீன் அங்காடி கட்டினார்கள். இருபது கடைதான். ஊர்க்கூட்டத்தில் குலுக்கல், தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. மங்கையின் புருஷன் காசி கடலில் போனபோதே அந்த வீடு ஊர் நோட்டிலிருந்தும் போய்விட்டது. சீட்டு இல்லையென்றால் சாகும்வரை ரோட்டோர வெயில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ச்சாவடியில் கூட்டத்தின் நடுவே போய் உட்கார்ந்தாள். அந்தத் தரையைப் பெண்கள் பெருக்கியிருக்கிறார்கள், உட்கார்ந்ததில்லை.

ஊர்த்தலைவர் சுப்புராயன், காசியின் அண்ணன், துண்டை உதறினார். "இன்னாம்மா, வயி தவறி வந்துட்டியா?"

"தெரிஞ்சிதான் வந்தேன் மாமா. என் சீட்டயும் போடுங்க."

"படிச்சிகினு கீதுல்ல, லண்டன்ல போயி கேக்கச் சொல்லு" என்றான் நோட்டு எழுதும் ஜெயவேல். எல்லாரும் சிரித்தார்கள்.

"லண்டன் இன்னாத்துக்கு? சுவிட்சர்லாந்துல எயுபத்தொண்ணு வரிக்கும் நாட்டு எலக்சன்ல பொம்பளிங்களுக்கு ஓட்டு இல்ல. ஒங்கள மாரி ஆம்பளிங்கதான் வேணாம்னாங்க. அப்பால அவங்களே ஓட்டு போட்டு குட்த்தாங்க. ஐஸ் மலைல கீறவனுக்கே புத்தி வந்துச்சி, ஒங்களுக்கு இன்னா?"

"அது நாடு. இது குப்பம்" என்றார் சுப்புராயன்.

"கரண்டு கம்பெனி சாம்ப பைப்பு ஒடஞ்சி ஆத்துல கலந்துச்சின்னு மறியல் பண்ணப்ப, போலீசு முன்னால பொம்பளிங்களத்தான நிக்க வெச்சீங்க? லத்தியடி வாங்கசொல்ல நான் தலைக்கட்டு, கடைன்னா இல்லியா?"

வாசலில் நின்ற நர்மதா உள்ளே வந்து பக்கத்தில் குந்தினாள்.

"எய்துடா" என்றார் சுப்புராயன், கடலைப் பார்த்தபடி.

"காசி சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டே ஜெயவேல் எழுதினான்.

மங்கை நோட்டில் விரலை வைத்தாள். "அடி அத. மங்கைன்னு எய்து. செத்தவரு வந்து கடைல குந்த மாட்டாரு."

அடித்து எழுதினான். குலுக்கினார்கள். இருபது சீட்டு எடுத்தார்கள். மங்கை பேர் வரவில்லை.

"இதுக்கா இவ்ளோ சண்ட போட்ட?" நர்மதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாடி பேஜாரு பண்ற? இங்க பாதி ஆம்பளிங்களுக்குந்தான் சீட்டு வுயல. அவங்கள மாரியே எனக்கும் வுயல" என்று கூடையைத் தூக்கினாள் மங்கை. "அடுத்த குலுக்கல் எப்போ மாமா?"