மைக் வேண்டாத டிரம்

எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவளுக்கு இடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சிதான். ஆனால் உட்கார்ந்து வாசித்தால் மேடைப் பலகை அதிரும். பள்ளிக்கூட வயதில் அண்ணனோடு மேடையேறியவள் இன்னும் இறங்கவில்லை. அண்ணன் கீபோர்டு வாசிக்கிறவர், குழுவுக்குத் தலைவர், எங்கள் வாயில் மாஸ்டர். நான் பாடுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும்.

மாஸ்டர் தங்கையைத் தன் சிநேகிதனுக்கே கட்டிக்கொடுத்தார். அவன்தான் எங்கள் சவுண்ட்காரன். அரங்கின் கடைசியில் மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று விரல் நுனியால் முடிவு செய்கிறவன். பேச்சில் தேன் ஒழுகும். அந்த யோக்கியன்தான் வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் பெண்டாட்டியைப் போட்டு மிதிப்பான். அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்தபோது, குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மிச்சக் கோபத்தை மேடையில் தீர்த்துக்கொள்வான். இடியின் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்நேர் டிரம்தான் எங்கள் பாட்டுக்கு முதுகெலும்பு. அதற்கு வைத்த மைக்கின் சத்தத்தை இவன் அடியோடு இறக்கிவிடுவான். பாட்டு சொதசொதவென்று படுத்துக்கொள்ளும். மாஸ்டர் காதில் மாட்டியிருக்கும் கருவியில் வருவதும் இவன் அனுப்புகிற சத்தம்தானே.

"உன் கை செத்துப்போச்சும்மா," என்றார் தங்கையிடம். "அடுத்த நிகழ்ச்சியும் இப்படின்னா தாளத்துக்கு மெஷின் வச்சுக்கறேன். நீ வீட்ல இரு."

மறுநாள் இடி என்னை இழுத்துக்கொண்டு டிரம் கடைக்குக் கிளம்பினாள். வழியில்தான் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மேடை இருக்கற வரைக்கும்தான்க்கா எனக்கு உயிரு. நாள் பூரா அவன் கண்ணு முன்னால இருந்தா அடிச்சே கொன்னுடுவான்."

"அவன் குரல்வளைய நான் நெரிக்கிறேன்டி!"

"வேணாம்க்கா. நீங்க ஒண்ணு குடுத்தா எனக்குப் பத்தா வந்து சேரும்."

கடைக்காரர் பளபளக்கும் மர டிரம் ஒன்றை எடுத்து வைத்தார். "இது ரொம்ப இதமாப் பேசும்மா."

"இதமெல்லாம் வேணாம்ணே," என்றாள். என்னைத் தெருவைத் தாண்டிப் போய் பேருந்துகள் இரைகிற இடத்தில் நிற்கச் சொன்னாள். உள்ளே ஒவ்வொன்றாக அடித்தாள். மர டிரம் எனக்குக் கேட்கவே இல்லை. பெரிய டிரம் பொம்மென்று அடங்கியது. கடைசியாக ஒரு சின்ன எஃகு டிரம்மை எடுத்து, சாவியால் அதன் தோலை முறுக்கு முறுக்கென்று முறுக்கி ஓங்கி அடித்தாள். எனக்குப் பல் கூசியது. நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓட்டம் பிடித்தது.

"இதுக்கு மைக்கே வேணாம்," என்று அதை வாங்கிக்கொண்டாள்.

ஒத்திகையில் அதைத் தன் இடதுபக்கம் கூடுதலாக நிறுத்தினாள். "இதுல விளிம்பும் தோலும் சேந்து ஒரே ஒரு அடி விழுந்தா, எந்த வரியில இருந்தாலும் எல்லாரும் சட்டுனு நிறுத்திடணும்," என்றாள். கூட்டம் கைதட்டும் என்று மாஸ்டருக்கும் பிடித்துப்போனது. மூளைக்கு எட்டும் முன்பே கை நின்றுவிடும் அளவுக்குப் பழகினோம். ஒத்திகைக்கு வருகிற வழக்கம் சவுண்ட்காரனுக்குக் கிடையாது.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது பாட்டில் வேலையைக் காட்டினான். ஸ்நேர் செத்தது. மாஸ்டர் திரும்பி முறைத்தார். இடி சட்டென்று இடதுபக்க டிரம்முக்குத் தாவினாள். முன்வரிசை துள்ளி விழுந்தது, பாட்டு எழுந்து நின்றது. நானும் சாமி வந்தவள் போலப் பாடினேன்.

அவன் மிக்சரை விட்டு எழுந்து வருவதைப் பார்த்தேன். வயர் சரி செய்கிறவன் மாதிரி திரைக்குப் பின்னால் நுழைந்து, அவள் முதுகுக்குப் பின் குனிந்தான். விலாவில் ஒரு குத்து. அதே இடத்தில் இன்னொன்று. கூந்தலைப் பிடித்து முகத்தைச் சிம்பல் தட்டின் விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் டிரம் தோலில் தெறித்தது. வெளிச்சமெல்லாம் முன்னால் நின்ற எங்கள் மேல் இருந்ததால் இருட்டில் நடந்த இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது; பாட்டு இரைந்த இரைச்சலில் ஒரு ஜீவனுக்கும் கேட்கவில்லை. அவளுடைய கால் மட்டும் தாளம் தப்பவில்லை. பிறகு இடது கையை நீட்டி, எஃகு டிரம்மில் விளிம்பும் தோலும் சேர ஒரே ஒரு அடி அடித்தாள்.

எல்லாரும் நின்றோம். நான் பாதி வார்த்தையில் வாயை மூடினேன்.

அவனுக்கு மட்டும் அந்த அடியின் அர்த்தம் தெரியாது. மயான அமைதியில் அவன் குரல் தனியாக ஓடியது: "...மிச்சக் கையையும் ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன், வாடி வீட்டுக்கு!" கிளம்பிவிட்ட குத்தும் நிற்கவில்லை. அது அவள் தாடையில் இறங்கிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

மாஸ்டர் கீபோர்டைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். அவன் மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவர் நெற்றியைப் பிளந்தான். கிட்டார்காரர் அவன் இடுப்பில் உதைத்தார். என் செருப்பும் சும்மா இருக்கவில்லை. மாஸ்டர் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, வாயிலேயே குத்தினார், பல் உதிர்ந்த பிறகும் குத்தினார். காவலாளிகள் வந்துதான் அவனைப் பிடுங்கி இழுத்துப்போனார்கள்.

கண்ணில் ரத்தம் வழிய, மாஸ்டர் தங்கையின் காலடியில் உட்கார்ந்து கதறினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

இடி கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னேனேண்ணா. கை ஒடிஞ்ச அன்னிக்கு உன் வீட்டுக்குத்தான் ஓடி வந்தேன். நீதானே வண்டியில ஏத்தி, திரும்ப அவன்கிட்டயே கொண்டுபோய் விட்ட?"