குரோக்கி அண்ணையின் பின்வரிசை

போன சனிக்கிழமை, கனடாவில் மார்க்கம் நகரத்து வீட்டு வாசலில் நின்று காருக்குள் வக்யூம் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் சப்பாத்தைக் கழற்றிப் போடுகிற பின்சீற்றுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகச் சின்ன ரப்பர் துணுக்குகள். இப்போது பிள்ளைகள் பெரிய கூடாரத்துக்குள் விரித்த பிளாஸ்ரிக் புல்லில்தானே பந்தடிக்கிறார்கள், அதற்குள் தூவுகிற சாமான் இது. எவ்வளவு உறிஞ்சினாலும் கார்பெற்றை விட்டு அசையாது. முழங்காலில் நின்று அதோடு மல்லுக்கட்டியபோது வெயிலில் காய்ந்த ரப்பர் மணம் மூக்கில் ஏறியது. அது என்னை நேரே ஸ்காபரோவில் நான் முன்பு வேலை செய்த தொழிற்சாலைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

அது கார்க் கதவைச் சுற்றி வருகிற ரப்பர் பட்டி செய்கிற இடம். வந்து கொஞ்சக் காலமே ஆன, ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத எங்களுக்கு அப்படியான வேலைதான் கிடைத்தது. சுடச்சுட வெளியே வரும் பட்டியை இழுத்து, வெட்டி, அடுக்க வேண்டும். எப்படித் தேய்த்துக் குளித்தாலும் அந்த மணம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருப்பவர் கொஞ்ச நேரத்தில் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விடுவார். களைத்த ஆளுக்கு இடம் விடுகிறார் என்று நினைத்து நான் காலை நீட்டிக்கொள்வேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

சாப்பாட்டு அறையில் சோறு கொண்டுவருகிறவர்களுக்கு என்று ஒரு மேசை தானாக அமைந்திருந்தது. நானும் என் கூட்டாளி ரவியும் ஒரு பக்கம். எதிரே, தலையை எடுத்து நேரே தோளில் வைத்தது போல, கழுத்தே இல்லாத ஒரு மனிதர். நாற்பதைத் தாண்டியவர். இடது புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு. கனகாலம் அவரைச் சீனாக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை ரவி முதல்நாள் உதைபந்து மட்சை எனக்கே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் அதில் விளையாடியவன்தான், ஆனால் ரவி சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். எங்கள் ஊர்ச் சங்கத்து அணி மூன்று கோல் அடித்து, ஐந்து வாங்கித் தோற்றிருந்தது. மூன்றையும் கையை வீசி அவன் விவரித்து முடித்தபோது எதிர்ப்பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது.

"மற்ற ஐந்தும் எப்படிப் போனது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த ஐந்தும் எப்படிப் போனது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. "கோல்கீப்பர் சரியில்லை," என்றான் ரவி. அவர் தலையை ஆட்டினார். சோஸ் பைக்கற் நாலை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றை மட்டும் விரலால் முன்னே தள்ளினார். உண்டான இடைவெளிக்குள்ளால் விரலை ஓட்டிக்கொண்டு போய் ரவியின் சோற்றுப் பெட்டியைத் தொட்டார். "கோல்," என்றார்.

அவர் பெயர் குரோக்கி. ஜப்பானில் ஒரு துறைமுக நகரத்தில், இரண்டாம் பிரிவில் ஆடிய ஒரு கழகத்தின் நடுப் பின்வரிசைக்காரர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நாளில் இருந்து முழங்கால் முறியும் வரைக்கும் வேறு கழகத்தின் சட்டையைப் போட்டதில்லை. கடைசியில் அணித் தலைவராகவும் இருந்திருக்கிறார். முழங்கால் போனபிறகு அதே கழகத்தில் உதவிப் பயிற்றுநர், பிறகு மனேஜர். இதை எல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரங்களில், சோற்றை மெல்லுகிற இடைவெளிகளில், துண்டு துண்டாக வந்தது.

மனேஜராக அவர் அதிகம் தோற்கவில்லையாம். சமன், சமன், ஒன்றுக்குச் சைபர், மறுபடி சமன். ஆனால் கோல் இல்லாத விளையாட்டுக்குச் சனம் வருவதில்லை என்று கழகத்தை நடத்திய கம்பனி அவரை நிறுத்தியது. புதிதாக வந்தவரின் கீழ் கோல்கள் நிறைய விழுந்தன, இரண்டு பக்கமும். கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

"ஆனால் சனம் வந்தது," என்றார் குரோக்கி. சிரிக்கவில்லை.

அவருடைய மனைவி கனடாக்காரி, அங்கே ஆங்கிலம் படிப்பித்தவர். அவரோடு ரொறன்ரோ வந்தபோது பயிற்றுநருக்கான ஜப்பான் தகுதிப் பத்திரம் கையில் இருந்தது. இங்கே உள்ளவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆரம்ப வகுப்பில் இருந்து வரச் சொன்னார்களாம். போயிருக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பந்தடிக்கக் காட்டுகிற தாய் தகப்பன்மாரோடு இருந்து, தன் வயதில் பாதியான ஒருவர் ஒஃப்சைட் என்றால் என்ன என்று படம் கீறிக் காட்டியதைப் பார்த்திருக்கிறார். எழுத்துச் சோதனையில் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இது நடந்தது என்று எனக்குத் தெரியாதா? என்றாலும் அதைக் கேட்டபோது சோற்றுப் பெட்டியை மூடி வைத்தேன்.

ரவிதான் அவரை மைதானத்துக்கு இழுத்துவந்தான். எங்கள் அணியில் பதினொரு பேர் இருந்தோம், பதினொரு பேரும் முன்வரிசை. நான் உயரமாகவும் மெதுவாகவும் இருந்ததால் பின்னுக்கு நிற்க விடப்பட்டவன். பெடியன்கள் அவரை "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட, பயிற்றுநருக்குத் தமிழில் அண்ணை என்றுதான் பெயர் என்று அவர் விளங்கிக்கொண்டார். முதல் மட்சில் நடுவருக்குக் கை கொடுத்து, "நான் அண்ணை," என்று தன்னை அறிமுகப்படுத்தினார். நடுவர் அப்படியே எழுதிக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை.

இரண்டாம் கிழமை அவர் ஒரு கயிறு கொண்டுவந்தார். என்னையும் ரவியையும் இன்னும் இரண்டு பேரையும் இடுப்பில் வரிசையாகக் கட்டினார். ஒருவன் அசைந்தால் நாலு பேரும் அசைய வேண்டும். பந்து இடப்பக்கம் போனால் நாலு பேரும் இடப்பக்கம். முதல் நாள் விழுந்து எழும்பியதிலேயே பொழுது போனது. மைதான ஓரத்தில் மடக்குக் கதிரை போட்டு இருந்த சங்கத்துப் பெரியவர்களுக்கு நல்ல பகிடி.

"என்னடாப்பா உது, மாடு கட்டின மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறான்?"

ஆனால் கோடை நடுப்பகுதிக்கு வர, கயிறு இல்லாமலே நாலு பேரும் சேர்ந்து அசைந்தோம். எங்களுக்கு எதிராகக் கோல் அடிப்பது கஷ்டமாகிவிட்டது. நான் வாழ்க்கையில் எதையாவது ஒழுங்காகச் செய்தேன் என்றால் அந்தக் கோடையில்தான். ரவியின் மூச்சுச் சத்தத்தை வைத்தே அவன் முன்னே போகப்போகிறானா, பின்னே வரப்போகிறானா என்று எனக்குத் தெரியும். ஒன்றுக்குச் சைபர், ஒன்றுக்குச் சைபர் என்று வென்றுகொண்டே போனோம். ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற அந்தச் சுற்றுப்போட்டியில் எங்கள் சங்கம் அதுவரை அரையிறுதியைக் கண்டதே இல்லை. அந்த முறை பெனல்ரியில் வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

அதோடு தொடங்கியது வினை.

எங்கள் சங்கத் தலைவரை எல்லோரும் தலைவர் என்றே கூப்பிடுவோம். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பெடியன்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு வருகிறவர், மழையிலும் வருகிறவர். அவருக்குக் கோல் வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி முடிந்த ஒரு பின்னேரம் என்னையும் ரவியையும் கூப்பிட்டார்.

"மனிசன் நல்லவர்தான் தம்பி, நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா பைனலுக்குச் சனம் வரும். எங்கட ஆள் ஒருத்தர் கோச்சா முன்னுக்கு நிக்கவேணும். மொன்றியல்ல இருந்து ஒரு பெடியனையும் எடுக்கிறம். பேய் விளையாட்டு விளையாடுவான்."

"ஆரை நிப்பாட்டுறியள்?" என்று கேட்டேன்.

தலைவர் ரவியைப் பார்க்காமல் சொன்னார்: "பின்னுக்கு நாலு பேர் என்னத்துக்கு?"

குரோக்கியை நிறுத்திவிட்டதை அவர்கள் அவரிடம் நேரில் சொல்லவும் இல்லை. அந்த வேலையும் எங்கள் தலையில். அவருடைய அப்பாட்மென்ருக்குப் போனோம். மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போனார். பின்வரிசை நாலு பேரும் இறுதி ஆட்டம் விளையாடப்போவதில்லை என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னோம். தன்னை நிறுத்தியதைத் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இதைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர் கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"ஜப்பானில் என்னை நிறுத்திய அடுத்த கிழமை என் பெடியன்கள் போய் விளையாடினார்கள். போகாமல் விட்டிருந்தால் அவர்கள் முகத்தில் நான் முழித்திருக்கமாட்டேன். நீங்கள் விளையாடுங்கள். அவன்," என்று ரவியைக் காட்டினார், "சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே, மாற்று ஆட்களின் வாங்கில் இருக்கட்டும். யாருக்காவது கால் போகலாம்."

போய் விளையாடினோம். ரவி சட்டை போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தான். குரோக்கியும் மனைவியும் எதிர்ப்பக்கம், எங்கள் சனம் இல்லாத பக்கத்தில், புல்லில் இருந்தார்கள். தலைவரின் மைத்துனர் கோட் போட்டுக்கொண்டு கோட்டோரத்தில் நின்று, "ஏறடா! ஏறு!" என்று கத்தினார். வேறு எதுவும் அவர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தோற்றோம் என்றுதானே நினைக்கிறீர்கள்? தோற்றிருந்தால் நான் இவ்வளவு காலம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கமாட்டேன். வென்றோம். நாலுக்கு மூன்று. மொன்றியல் பெடியன் உண்மையிலேயே பேய்தான், மூன்று கோல் அடித்தான். ரவி நிற்க வேண்டிய இடத்துக்குள்ளால் எதிர் அணி வந்து வந்து போனது. நான் நாய் மாதிரி இங்கும் அங்கும் ஓடினேன். கடைசி நிமிஷத்தில் நாலாவது கோல் விழுந்தபோது சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மேளம் அடித்தார்கள். இப்படி ஒரு பைனல் ரொறன்ரோவில் நடந்ததே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான். எங்கள் கோடை முழுவதும் பிழை என்று ஆகிவிட்டது, அதுவும் நாங்கள் வென்று.

கோப்பையோடு படம் எடுத்தபோது ரவி நிற்கவில்லை. சேறே படாத சட்டையோடு வாகனத்துக்குள் போய் இருந்துவிட்டான். குரோக்கி மைதானத்தைக் குறுக்காகக் கடந்து என்னிடம் வந்தார். வாழ்த்துவார் என்று கையை நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டு, "மூன்று வாங்கினீர்கள்," என்றார். பிறகு வாங்கின மூன்றும் எப்படிப் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் அவர்கள் இருவரும் ஜப்பானுக்கே திரும்பிப் போனார்கள். ஒரு மூன்றாம் பிரிவுக் கழகம் அவரை மனேஜராக எடுத்தது. ரொறன்ரோவில் யாருக்கும் தெரியாத அந்தக் கழகத்தின் முடிவுகளை நானும் ரவியும் வேலைக்குப் போகமுதல் இணையத்தில் தேடிப் பார்ப்போம். ஒன்றுக்குச் சைபர். சைபருக்குச் சைபர். ஒரு வருஷம் மேல் பிரிவுக்கு ஏறினார்கள். ரவி எனக்குப் போன் எடுத்துக் கத்தினான். அதற்கு அடுத்த வருஷம், அட்டவணையின் நடுவில் பாதுகாப்பாக நிற்கும்போதே, அவரை நிறுத்திவிட்டார்கள். காரணம் ஜப்பானிய மொழியில் இருந்தது. அதை மொழிபெயர்த்துப் பார்க்க நாங்கள் மினக்கெடவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தக் கழகத்திலும் இல்லை. அவருக்குப் போட்ட மின்னஞ்சலும் திரும்பி வந்துவிட்டது.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், இப்போது அது சாமான்கள் பூட்டி வைக்கிற கட்டடம். மைதானத்தில் வரிசையாக ரவுண்ஹவுஸ் வீடுகள். சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டும் தனித்தனியாக ஒன்றுகூடல் வைக்கின்றன. ஒன்றிலும் பந்தடி இல்லை.

போன மாதம் ரவியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருந்தும் காரெல்லாம் வரிசையாக வந்து மண்டபம் நிறைந்திருந்தது. தலைவரும் வந்திருந்தார், கைத்தடியோடு, சுற்றி ஒரு கூட்டத்தோடு. அந்த இறுதி ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கட பெடியள் அப்பிடி, எங்கட பெடியள் இப்பிடி. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் கேட்டேன்.

"தலைவர், எங்களைப் பைனல் வரைக்கும் கொண்டுவந்த ஜப்பான்காரர் ஒருத்தர் இருந்தவரெல்லே?"

அவர் என் முகத்தை நல்லாகப் பார்த்தார். நடிக்கவில்லை. உண்மையிலேயே யோசித்தார்.

"ஜப்பான்காரனோ? இல்லைத் தம்பி, எங்களுக்கு என்ர மச்சான்தானே கோச். நீர் வேற ரீமோட மாறிச் சொல்லுறீர்."

சுற்றி நின்றவர்கள் கனடாவுக்குப் பிறகு வந்தவர்கள், ஒருவருக்கும் தெரியாது. தூரத்தில் வேட்டியோடு விருந்தினரைக் கவனித்துக்கொண்டிருந்த ரவியைக் கூப்பிட்டேன். என்ன பேச்சு நடக்கிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அங்கிருந்தே, விடு என்று கையைக் காட்டினான்.

தலைவர் நாலாவது கோலைச் சொல்லத் தொடங்கினார். நன்றாகத்தான் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.