தெருக்கோடி வீட்டின் வோல்டேஜ்

போன வாரம் எங்கள் வீட்டில் இரண்டாவது ஏசி மாட்ட ஆள் வந்தார். சுவரில் துளை போடும்போது கிளம்பிய செங்கல் தூளின் வாசனை மூக்கில் ஏறியதும், முதல் ஏசி வந்த கோடை நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த புதிது. திருத்தணி மலைக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. பகலெல்லாம் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அனலடிக்கும். தெருவிலேயே முதல் ஏசி எங்களுடையது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். யாராவது தெருவில் போனால் கதவைத் திறந்துகொண்டு நிற்பேன், குளிர் அவர்கள்மேல் படட்டும் என்று. அடுத்த கோடையில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. என் கர்வத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

தெருக்கோடியில் சரோஜா அக்கா வீடு. அவர் கணவரை நான் பாவா என்பேன். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். தெருவில் எல்லா ஏசியும் ஓடினால் அந்தக் கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கிவிடும். மதியத்தில் அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா, அவருக்கு ஃபேனே சுத்த மாட்டேங்குது."

நிறுத்துவோம். சற்று நேரத்தில் யாராவது ஒருவர் போடுவார். பிறகு எல்லோரும்.

ஒருநாள் ஏசி இரைச்சலில் அக்காவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் கிரில்லைச் சொம்பால் அடித்தபோதுதான் அம்மா கதவைத் திறந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பாவா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் அக்காவும் அப்படியே தூக்கிவந்து எங்கள் அறையில் விட்டோம். மெல்ல முகம் தெளிந்தது.

"எம்மா சில்லுனு கீது!" என்று குழறிச் சிரித்தார்.

அந்தக் கோடை முழுக்க மதியங்களில் அவர் எங்கள் அறையில்தான். அடுத்த வருஷம் மாசியிலேயே கொளுத்த ஆரம்பித்தது. தூக்கப் போனால் வேண்டாமென்று கையை ஆட்டினார்.

"தெனம் தூக்கினு போறீங்க, வெக்கமா கீதுப்பா."

அப்படி மறுத்த ஒரு மதியத்தில் போய்விட்டார். தெரு முழுக்க ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் விசிறிகினுதான் இருந்தேன். மேல ஃபேனு, றெக்கை ஒண்ணொண்ணா தெரியற மாதிரி சுத்திகினு இருந்திச்சி," என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அக்கா பள்ளிப்பட்டில் இருந்த தம்பி வீட்டோடு போய்விட்டார். அப்புறம் தெருமுனையில் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. இப்போது எத்தனை ஏசி ஓடினாலும் விளக்கு மங்குவதில்லை. மதியத்தில் தெருவில் மனிதக் குரலே கிடையாது.

புது ஏசியை அம்மா அறையில் மாட்டினோம். வயதாகிவிட்டது, வெக்கை தாங்கவில்லை. நேற்று மதியம் எட்டிப் பார்த்தேன். வியர்வையில் நனைந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"சரோஜா வந்து சொல்லிட்டுப் போறாப்பா. அந்தாளுக்குக் கொஞ்ச நேரம் ஃபேன் சுத்தட்டும்."

ரிமோட்டைக் கையில் எடுத்தேன். போட மனம் வரவில்லை. ஜன்னலைத் திறந்தேன், அனல் உள்ளே வந்தது. தெருக்கோடியில் அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார்களை நிறுத்துகிறார்கள்.