மழையைத் துடைத்த ஆல்பம்

குடிநீர்த் துறையில் அவள் வேலையே காது கொடுப்பதுதான். சாலைக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று, தரையில் ஒரு மைக்கை ஊன்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுச் சொல்ல வேண்டும். அவள் காட்டிய இடத்தில் ஆட்கள் தோண்டுவார்கள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘காது’. "காது சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

கசிவைத் தேடினால் கசிவு மட்டுமா கேட்கும்? மழைநீர் மண்ணுக்குள் இறங்குவது கேட்கும். காற்றடித்தால் ஓர மரத்தின் வேர் முனகுவது கேட்கும். அவளுக்கு அது பிடித்துப்போனது. சொந்தமாக ஒரு மைக் வாங்கி, விடுமுறைகளில் ஆற்றங்கரைக்கும் காட்டோரத்துக்கும் போய்ப் பதிவு செய்தாள். சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, அந்தச் சத்தங்களுக்கு அடியில் எலக்ட்ரானிக் சுரங்களை நீளநீளமாக இழையவிட்டாள். பாடல் வரி இல்லை, தாளம் இல்லை. "எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று அண்ணன் கேட்டபோது முதல் துண்டு முடிந்தே போயிருந்தது.

ஒரு சின்ன இசைக் கம்பெனி அரைமனதாக அவளுடைய முதல் ஆல்பத்தை வெளியிட ஒத்துக்கொண்டது. கடைசி மெருகுக்காக ஒலிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வெளியீட்டுக்கு முந்தின நாள் காலையில் திரும்பி வந்தது. கேட்டவளுக்கு முகம் செத்துவிட்டது. மழையைக் காணோம். வேரைக் காணோம். சுரங்கள் மட்டும், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்போலப் பளபளத்தன.

நேரே ஒலிக்கூடத்துக்குப் போனாள். ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மழை எங்க சார்?"

"எந்த மழை?... அடடா, சர்ர்னு வந்துச்சே, அதுவா? இரைச்சல்னு எடுத்துட்டேன்மா. பேட்டி, விளம்பரம்னு நாள் பூரா இரைச்சல எடுக்கறதுதான் என் பொழப்பு. கை தானா போயிடுச்சு."

"திருப்பி வைங்க."

"முதல்லேருந்து செய்யணுமே. ஒரு வாரம் ஆகும்."

கம்பெனிக்காரரைப் போனில் பிடித்தார்கள். அவருக்கோ புது வடிவம் ரொம்பப் பிடித்துவிட்டது. "இப்பதாம்மா கேக்கற மாதிரியே இருக்கு. மறுபடி மழைய ஊத்தணுமா? நாளைக்கு இதுதான் வரும். இல்லேன்னா ஒண்ணும் வராது. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு சார். வேணாம்."

வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்த அண்ணன், விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "கிடைச்சதை எட்டி உதைச்சுட்டு வர்றியே! மழை இல்லேன்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

"எவனுக்கும் தெரியாம போறதுக்கா முட்டி வரைக்கும் சேத்துல நின்னேன்?"

"காசு குடுத்து மழைச் சத்தம் யாரு கேப்பா? எங்க மாமியார் வீட்டுத் தகரத்துல ஓசியில கேக்குது!"

"அப்ப உங்க மாமியாரை ஒரு ஆல்பம் போடச் சொல்லு. வண்டிய எடுண்ணா."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தபடியே அண்ணன் வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் வேலை இடைவேளையில், தோண்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, மெருகேறாத தன் பிரதியை அவளே இணையத்தில் ஏற்றினாள். கம்பெனி பெயர் கிடையாது. முகப்பில் அவள் எடுத்த ஈரச் சாலையின் படம். குழிக்குள் நின்றவர்கள் போனை வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் கேட்டார்கள்.

"என்ன காது, நம்ம வேலையையே ஆல்பமாப் போட்டுட்ட?"

"மண்வெட்டி சத்தம் வரல. அடுத்ததுல எங்களையும் சேத்துக்க!"

சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும்போது முதல் கருத்து வந்தது. முன்பின் தெரியாத யாரோ. "நல்லா இருக்குங்க. மழை மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு. குறைச்சுப் போட முடியுமா?"

கட்டைவிரலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு அவள் பதில் எழுதினாள்:

"முடியாது."