செப்பு அண்டாவில் வந்த கடல்

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒரு மீனைச் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவன், இதைவிடச் சுகமான பிழைப்பு உண்டா என்று சிரித்துக்கொண்டேதான் போனேன். செட்டியார் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன், முன் ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு மீனையும் சில கடல் நத்தைகளையும் விட்டிருந்தார். "நான் திரும்பி வர்ற வரைக்கும் இது இருக்கணும்" என்று மனைவியிடம் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதங்கள் நின்றன. அந்த மனைவியை வீட்டில் எல்லோரும் ஆச்சி என்போம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். புருஷன் விளையாட்டாகச் சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இது இருக்குற வரைக்கும் அவுக இருக்காக தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அன்றோடு என் சிரிப்பு போயிற்று. காலையில் ஹாலுக்குள் கால் வைத்ததும் மீன் நீந்துகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. வற்றியதற்கு நல்ல தண்ணீர் சேர்த்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு உப்பின் அளவு பார்ப்பேன். அதைவிடப் பெரிய தொல்லை தீனி. மீன் தின்றது போக மிஞ்சியது அழுகினால் தண்ணீரே விஷமாகும், கண்ணாடியில் பாசி படியும். வீட்டு வேலைக்காரர்களோ போகிறபோது ஒரு பிடி பொரி, வருகிறபோது நாலு சோற்றுப் பருக்கை என்று புண்ணியம் தேடினார்கள். நான் கத்துவேன். எனக்கு 'மீனோட மாமியார்' என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

அவ்வப்போது பாதித் தண்ணீரை மாற்றக் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடல் தண்ணீர் வரும். பெட்ரோல் இல்லாததால் லாரி நின்று, மாட்டுவண்டியில் வந்தது. அதை ஊறுகாய் போடும் பெரிய பீங்கான் ஜாடிகளில் ஊற்றி மூடி வைப்பேன்.

அந்த ஆடி அமாவாசைக்கு நான் என் ஊருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தேன். ஆச்சி வண்டிக்காரரிடம், அமாவாசையன்றே கடலில் மொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தது வெறும் தண்ணீரா? தீர்த்தம். அதை ஊறுகாய் ஜாடியில் ஊற்ற மனம் வருமா? புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த செப்பு அண்டாவில் ஊற்றி, சாமி அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தொட்டியில் பாதியை இறைத்து, தம் கையாலேயே இதை ஊற்றியிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்து மணலில் கிடந்தன. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. உப்பு பார்த்தேன், சரியாக இருந்தது. மோந்து பார்த்தேன், அழுகல் வாடை இல்லை. என்ன கோளாறு என்றே தெரியவில்லை. மாற்று நீர் எங்கே என்று தேடிப் போனவன் சாமி அறையில் அண்டாவைப் பார்த்தேன். மிச்சத் தண்ணீரின் விளிம்பில் பச்சையாக ஒரு வளையம்.

தெரிந்த பிறகுதான் உண்மையான பயம் வந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஆச்சி, தொட்டித் தண்ணிய ஒடனே மாத்தணும்."

"அமாவாசைத் தீர்த்தம் தம்பி அது. அதையா கீழ ஊத்தச் சொல்றீங்க?"

"தண்ணி மேல குத்தமில்ல ஆச்சி. செம்புல புளிக்கொழம்ப வெச்சா என்னாகும்?"

"களிம்பு ஏறும்" என்றவர் அப்படியே நின்றார். கை வாய்க்குப் போயிற்று. "அப்ப நாந்தானா? நானே வெசம் வெச்சுட்டேனா?"

"இன்னும் உசுரு இருக்கு ஆச்சி."

"கால் படாத எடமாப் பாத்து ஊத்துங்க" என்றார்.

ஒரு ஜாடியில் பழைய கடல் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மீனை அதில் விட்டேன். காற்றுப் பிடிக்க வேண்டுமென்று, குவளையில் மொண்டு உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தோம். கை ஓய்ந்தால் அவர், அவருக்கு ஓய்ந்தால் நான். வண்டி மறுபடி கடலுக்குப் போயிற்று. அது திரும்புகிறவரை ஆச்சி பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. நான் தொட்டி மணலையெல்லாம் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டேன். மீன் செத்தால் இந்தப் பெண் என்ன செய்துகொள்வாரோ என்பதே எனக்கு நினைப்பாக இருந்தது. வண்டி வந்தது. மீன் பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தை பிறந்ததும், பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஒருவர் செட்டியாரின் பங்காளிகளோடு வீட்டுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். காட்டு வழியில் செட்டியாருக்குக் காய்ச்சல் கண்டதென்றும், "நாந்தாங்க கொள்ளி வெச்சேன்" என்றும் சொன்னார். அது சித்திரையிலேயே நடந்து முடிந்திருந்தது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஆச்சி அழவில்லை. எழுந்து தொட்டிக்கு வந்தார். ஆளைக் கண்டதும் தீனிக்காக மீன் கண்ணாடி ஓரம் வந்தது.

"பாருங்க தம்பி, எம்புட்டு நல்லா இருக்கு. இவுக சொல்றது பொய்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அந்த மீன் செத்துவிடுமோ என்றுதான் பயந்திருந்தேன். இனி எத்தனை காலம் உயிரோடு இருக்குமோ என்று அப்போது பயந்தேன்.

"தீனி போடுங்க. அதுக்குப் பசிக்கும்ல" என்றார்.

போட்டேன். மீன் வந்து தின்றது. ஆச்சி வந்தவர்கள் பக்கம் திரும்பி, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.