நான் எழுதாத ராஜினாமா

மந்தாரக்குப்பத்தில் நான் பாடம் எடுக்கும் தனியார் பள்ளியில் இன்று தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு ஏழாம் மாதம். பேறுகால விடுப்பு கேட்டு எழுதியிருந்தேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் ஆசிரியர் சங்கச் செயலாளர் கலா டீச்சரையும் அழைத்துப் போனேன்.

"லீவெல்லாம் வேணாம்மா. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. குழந்தை பொறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று தாளாளர் வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

என் கணவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைதான். என் சம்பளமும் நின்றால் வீடு ஓடாது.

கலா டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "லீவு தர மாட்டோம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். மத்தத சங்கத்துல பாத்துக்கிறோம்."

தாளாளர் வெள்ளைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என் விடுப்புக் கடிதத்தை ஏற்றுக்கொண்டு, நகலில் சீல் வைத்துத் தந்தார்.

வெளியே செல்வி டீச்சர் நின்றிருந்தார். இரண்டு வருடம் முன்பு தன் பேறுகாலத்தில் இதே அறையில் ராஜினாமா எழுதிக் கொடுத்து, பிறகு புது ஆளாகத் திரும்பச் சேர்ந்தவர். நகலை இரண்டு முறை படித்தார்.

"அன்னிக்கு நான் தனியா அழுதுகினு நின்னேன்க்கா."

அன்று நானும் இதே பள்ளியில்தான் இருந்தேன். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

செல்வி அங்கேயே சங்கப் படிவத்தைச் சுவரில் வைத்து நிரப்பினார். நாளை ஆசிரியர் அறைக்கு இன்னும் பதினைந்து படிவம் கொண்டுபோகிறேன். வேண்டியவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.

தாளாளரும் இதைப் படிப்பார். படிக்கட்டும். லைக் மட்டும் போட வேண்டாம் சார், நீங்களும் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.